போகும் சேர்பொருள், தங்கும் சேர்பொருள்: பெரோவ்ஸ்கைட் கரைசலில் எதை, எவ்வளவு, ஏன் கலக்கிறோம்

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளின் மெல்லிய படலத்தால் ஒளியை உறிஞ்சும் சோலார் செல்லின் தலையெழுத்து அரை நிமிடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. கரைசலைக் கண்ணாடித் தகட்டில் விட்டுச் சுழற்றும் அந்த நேரத்துக்குள் படிகங்கள் எத்தனை இடத்தில் முளைக்கின்றன, எந்த வேகத்தில் வளர்கின்றன, எங்கே ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன என்பதெல்லாம் முடிவாகிவிடும். பிறகு ஹாட்பிளேட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதைத் திருத்துவது கடினம். ஆய்வகங்களில் 'அடிட்டிவ்' என்று சொல்லப்படும் சேர்பொருள்களில் பெரும்பாலானவை இந்த அரை நிமிடத்தைக் குறிவைத்துத்தான் கரைசலில் கலக்கப்படுகின்றன.

2009-இல் ஜப்பானில் கோஜிமா, மியாசாகா குழு வெளியிட்ட முதல் செல்லின் திறன் 3.8 சதவீதம். இன்று ஒற்றைச் சந்தி செல்கள் (ஒளி உறிஞ்சும் அடுக்கு ஒன்றே ஒன்று உள்ளவை) 26 சதவீதத்தைத் தாண்டிச் சான்று பெற்றிருக்கின்றன. இடையில் அடிப்படைச் சரக்கு பெரிதாக மாறவில்லை. நடுவில் ஓர் ஈய அயனி, அதைச் சுற்றி ஆறு அயோடைடு, இடைவெளிகளில் மெத்தில்அமோனியமோ ஃபார்மமிடினியமோ சீசியமோ. மின்சுமையை வாங்கிக் கடத்தும் அடுக்குகள் மேம்பட்டது ஒரு காரணம். கரைசலில் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்தவை இன்னொரு காரணம், அதன் பங்கு சிறியதல்ல.

எந்தச் சேர்பொருளைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: வேலை முடிந்ததும் இது படலத்தை விட்டுப் போய்விடுமா, அல்லது உள்ளேயே தங்குமா? படிக வளர்ச்சியைச் சீராக்க வந்தது போய்விட வேண்டும். குறைபாட்டை மூட வந்தது தங்க வேண்டும். போக வேண்டியது தங்கினாலும் தங்க வேண்டியது போனாலும், முதல் நாள் அளவீடு அழகாக இருக்கும். நூறு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வரும்.

எந்தக் காயத்துக்கு மருந்து

படிகத்தில் அயோடைடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், பக்கத்து ஈய அயனிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை குறைகிறது. படிக மணிகளின் எல்லைகளிலும் படலத்தின் மேல், கீழ்ப் பரப்புகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம். ஒளி எழுப்பிய எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் இடமான 'துளை'யும் அங்கே மாட்டிக்கொண்டு வெப்பமாக வீணாகின்றன. இதை மின்னழுத்தக் கணக்கில் நேராகப் பார்க்கலாம். படலத்தின் ஒளிர்வு விளைதிறன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும், அறை வெப்பநிலையில் திறந்த சுற்று மின்னழுத்தத்தில், அதாவது மின்சுற்றை இணைக்காதபோது செல் காட்டும் மின்னழுத்தத்தில், சுமார் 60 மில்லிவோல்ட் போய்விடும்.

அதே காலியிடம்தான் அயோடைடு அயனிகள் தாவித் தாவி நகரும் பாதையும். நகர்ந்த அயோடைடு வெள்ளி மின்முனையைச் சேர்ந்தால் வெள்ளி அயோடைடாக அரித்துவிடும். ஆகவே காலியிடத்தை உண்மையாகவே மூடும் சேர்பொருள் திறனையும் ஆயுளையும் சேர்த்தே உயர்த்தும். திறனை மட்டும் உயர்த்தி ஆயுளைத் தொடாத ஒன்று வேறு ஏதோ வேலை செய்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் படிக மணியைப் பெரிதாக்கும் வேலைதான்.

ஃபார்மமிடினியம் லெட் அயோடைடுக்கு (லெட் என்பது ஈயம்தான்) இன்னொரு தொல்லை உண்டு. சூரிய ஒளிக்கு உகந்த கருப்பு நிலை உருவாக சுமார் 150 டிகிரி செல்சியஸ் வேண்டும். அறை வெப்பநிலையில் அதன் இயல்பு நிலை மஞ்சள், மின்சாரத்துக்கு உதவாதது. காரணம் அளவுப் பொருத்தம். ஃபார்மமிடினியம் அயனி கூட்டுக்குள் சற்றே பெரிது. அதைவிடச் சிறிய சீசியத்தையோ மெத்தில்அமோனியத்தையோ கொஞ்சம் கலந்தால் கருப்பு நிலை நிலைத்துவிடும்.

முதலில் போகும் வகை

இதில் மூத்தது டைமெத்தில் சல்ஃபாக்சைடு, சுருக்கமாக டிஎம்எஸ்ஓ. கரைப்பான் என்றே பலர் நினைக்கிறார்கள், ஆனால் முக்கியக் கரைப்பானான டைமெத்தில் ஃபார்மமைடில், அதாவது டிஎம்எஃப்பில், அது சேர்பொருள் போலத்தான் நடந்துகொள்கிறது. அதன் ஆக்சிஜன் ஈய அயனியைப் பற்றி ஓர் இடைநிலைக் கூட்டை உண்டாக்குகிறது. அதனால் லெட் அயோடைடு அவசரமாக வீழ்படிவாகாமல் காத்திருக்கிறது. 2015-இல் தென்கொரியாவின் நாம்-கியூ பார்க் குழு இதை மிக எளிய கணக்காகக் கொடுத்தது: லெட் அயோடைடு 461 மில்லிகிராம், மெத்தில்அமோனியம் அயோடைடு 159 மில்லிகிராம், டிஎம்எஸ்ஓ 78 மில்லிகிராம். மூன்றும் ஒவ்வொரு மில்லிமோல், ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று. இவை 600 மில்லிகிராம் டிஎம்எஃப்பில் கரைகின்றன. நிமிடத்துக்கு 4000 சுற்றில் 25 வினாடி. நடுவில் அரை மில்லிலிட்டர் டைஎத்தில் ஈதரைச் சொட்டினால் டிஎம்எஃப் கழுவப்பட்டுப் போகும், ஈயத்தைப் பற்றியிருக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் நிற்கும். அப்போது படலம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்தால் டிஎம்எஸ்ஓ வெளியேறிக் கருப்புப் படிகம் எழும்.

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால் டிஎம்எஸ்ஓவின் அளவு ஈயத்தோடு மோல் விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த பல செய்முறைகள் டிஎம்எஃப்பும் டிஎம்எஸ்ஓவும் 'நான்குக்கு ஒன்று கன அளவு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. செறிவை மாற்றும்போது கன அளவு விகிதத்தை அப்படியே வைத்தால், ஈயத்துக்கு டிஎம்எஸ்ஓ விகிதம் மாறிவிடும். 1 மோலார் கரைசலில் பொருந்திய செய்முறை 1.5 மோலாரில் ஏன் சொதப்புகிறது என்பதற்கு இது ஒரு காரணம். டிஎம்எஸ்ஓ கூடினால் வேறொரு சிக்கல். படலத்தின் மேற்பரப்பு முதலில் படிகமாகி மூடிவிடும், கீழே சிக்கிய டிஎம்எஸ்ஓ பிறகு வெளியேறும்போது கண்ணாடியை ஒட்டிய பக்கத்தில் வெற்றறைகளை விட்டுச்செல்லும். மேலிருந்து எடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இது தெரியவே தெரியாது. குறுக்குவெட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். டிஎம்எஸ்ஓவின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் திண்மப் பொருளான கார்போஹைட்ரசைடைக் கலந்து இந்த வெற்றறைகளைக் குறைத்த வழி 2021-இல் வெளிவந்தது. பெரிய பரப்பில் பிளேடு கொண்டு பூசுவோருக்கு அது முக்கியம்.

அடுத்தது மெத்தில்அமோனியம் குளோரைடு. இன்றைய உயர்திறன் ஃபார்மமிடினியம் செல்களில் பெரும்பாலானவை இதைக் கலந்தே செய்யப்படுகின்றன. சிட்டிகை அளவு இல்லை, ஈயத்தின் அளவில் 35 முதல் 40 மோல் சதவீதம். இவ்வளவு போட்டும் இறுதிப் படலத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும். குளோரைடு இடைநிலையில் அமர்ந்து கருப்பு நிலை உருவாவதை எளிதாக்குகிறது, மணிகளைப் பெரிதாக்குகிறது, 150 டிகிரி வெப்பத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. 2019-இல் இதைக் கொண்டு 24 சதவீதம் எட்டப்பட்டது.

ஒரு மில்லிலிட்டர் கரைப்பானுக்குக் கணக்கு இப்படி. ஈயம் 1.5 மில்லிமோல் என்றால் லெட் அயோடைடு 691.5 மில்லிகிராம், ஃபார்மமிடினியம் அயோடைடு 258 மில்லிகிராம். 35 மோல் சதவீதம் மெத்தில்அமோனியம் குளோரைடு 0.525 மில்லிமோல், அதாவது 35.4 மில்லிகிராம். கரைப்பான், டிஎம்எஃப் 0.8 மில்லிலிட்டர், டிஎம்எஸ்ஓ 0.2 மில்லிலிட்டர். லெட் அயோடைடை 5 சதவீதம் கூட்டிப் போடும் வழக்கமும் உண்டு, அப்போது 726 மில்லிகிராம். இத்தனை உப்பு கரையும்போது மொத்தக் கன அளவு ஒரு மில்லிலிட்டரைத் தாண்டும். எனவே இதை '1.5 மோலார்' என்று எழுதுவதைவிட 'ஒரு மில்லிலிட்டர் கரைப்பானுக்கு 1.5 மில்லிமோல்' என்று குறித்துவைப்பது நேர்மை. இன்னொருவர் அதே செய்முறையைத் திரும்பச் செய்யும்போது வித்தியாசம் வராது.

தவறும் இடங்கள் மூன்று. வெப்பமூட்டும் நேரம் குறைந்தால் குளோரைடும் மெத்தில்அமோனியமும் மிஞ்சும். ஒளிர்வு உச்சம் வழக்கமான 810 நானோமீட்டர் அருகே வராமல் குறுகிய அலைநீளப் பக்கம் தள்ளி நிற்பது அதன் அடையாளம். நேரம் கூடினால் மேற்பரப்பிலிருந்து கரிம அயனிகளும் சேர்ந்து போய் லெட் அயோடைடு வெளிப்படும். எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில், செப்பு மூலத்துடன், 12.7 டிகிரியில் ஓர் உச்சம் எழுவதைப் பார்க்கலாம். மஞ்சள் நிலை என்றால் 11.8 டிகிரியில், நமக்கு வேண்டிய கருப்பு நிலை என்றால் 14 டிகிரி அருகில். மூன்றாவது, கரைசல் பழசாவது. மெத்தில்அமோனியத்திலிருந்து பிரியும் மெத்திலமீன், ஃபார்மமிடினியத்தோடு கரைசலிலேயே வினைபுரிந்து வேறு அயனியாகிவிடும். சூடாக்கிக் கரைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் இந்தக் கரைசலைச் செய்த அன்றே பயன்படுத்துவது நல்லது. கிளறுவதற்கு அறை வெப்பநிலையே போதும், கரைய ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

தங்கும் வகை: மோல் சதவீதமே உயிர்

சீசியம் தங்குவதற்கென்றே வருவது. 2016-இல் மைக்கேல் சலிபாவும் கிராட்செல் குழுவினரும் வெளியிட்ட மூன்று நேரயனிச் செய்முறை இன்றும் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. திறனில் இன்றைய உச்சத்தை எட்டாது, ஆனால் கை நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு மில்லிலிட்டருக்கு ஃபார்மமிடினியம் அயோடைடு 172 மில்லிகிராம், லெட் அயோடைடு 507, மெத்தில்அமோனியம் புரோமைடு 22.4, லெட் புரோமைடு 80.7 மில்லிகிராம். கரைப்பான் அதே நான்குக்கு ஒன்று. சீசியம் அயோடைடு டிஎம்எஃப்பில் சரியாகக் கரையாது. அதனால் 390 மில்லிகிராமைத் தனியே ஒரு மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்து 1.5 மோலார் இருப்புக் கரைசலாக வைத்துக்கொண்டு, மேற்சொன்னதில் 53 மைக்ரோலிட்டர் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் 10 வினாடி, 6000 சுற்றில் 20 வினாடி. முடிய 5 வினாடி இருக்கும்போது 100 மைக்ரோலிட்டர் குளோரோபென்சீன். பிறகு 100 டிகிரியில் ஒரு மணி நேரம்.

இதில் லெட் அயோடைடும் லெட் புரோமைடும் 10 சதவீதம் கூடுதலாகவே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். மிஞ்சும் லெட் அயோடைடு மணி எல்லைகளை மூடித் திறனைக் கூட்டும். ஆனால் ஒளியில் அதுவே உலோக ஈயமாகவும் அயோடினாகவும் உடையும். திறனுக்கும் ஆயுளுக்கும் இடையே வெளிப்படையாக இழுபறி நடக்கும் இடம் இது. 2022-இல் வந்த ருபிடியம் குளோரைடு வழி இதைச் சமாளிக்கிறது. மிஞ்சிய லெட் அயோடைடை வினையற்ற ஓர் இரட்டை உப்பாக மாற்றி அங்கேயே கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தச் செல்கள் 25.6 சதவீதச் சான்று பெற்றன.

பொட்டாசியம் அயோடைடு, மின்னோட்ட-மின்னழுத்த வளைவு ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக வருகிறதே, அந்த ஹிஸ்டெரிசிஸுக்கு நல்ல மருந்து. பொட்டாசியம் மணி எல்லைகளில் உட்கார்ந்து அலையும் ஹேலைடுகளை, அதாவது அயோடைடு, புரோமைடு போன்ற அயனிகளை, பிடித்துவைக்கிறது. ஆனால் கலவையில் புரோமைடு இருந்தால் பொட்டாசியம் அதையும் தன்பக்கம் இழுக்கும், படலத்தின் பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) சற்றுக் குறையும். அளவு கூடினால் பொட்டாசியம் மிகுந்த தனிக் கட்டங்கள் பிரிந்து நின்று மின்சுமைக்கு வழியை மறிக்கும். ஒரு சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏறிப் பாருங்கள். மேலே சொன்ன 1.5 மில்லிமோல் கரைசலில் ஒரு மோல் சதவீதம் என்பது வெறும் 2.5 மில்லிகிராம்.

அயனித் திரவங்களில், அதாவது திரவமாகவே இருக்கும் உப்புகளில், அளவு இன்னும் சுருங்கும். பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃபுளூரோபோரேட் ஈயத்துக்கு 0.3 மோல் சதவீதம்தான் சேர்க்கப்பட்டது. 2019-இல் வந்த அந்த ஆய்வில், உறையிட்ட செல்கள் 70 முதல் 75 டிகிரியில் முழு ஒளியின் கீழ் 1800 மணி நேரத்துக்கு மேல் நின்று சுமார் 5 சதவீதம்தான் இழந்தன. நம் கரைசலுக்கு இதன் எடை ஒரு மில்லிகிராம். அதை நேரடியாகத் தராசில் நிறுத்த முயல வேண்டாம். 22.6 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் டிஎம்எஃப்பில் கரைத்தால் 0.1 மோலார், அதிலிருந்து 45 மைக்ரோலிட்டர் எடுத்தால் கணக்குச் சரி.

இங்கேதான் ஒரு பழைய பிழை பதுங்கியிருக்கிறது. 45 மைக்ரோலிட்டர் சேர்த்ததால் கரைசல் 4 சதவீதத்துக்கு மேல் நீர்த்துப்போயிற்று, டிஎம்எஃப்-டிஎம்எஸ்ஓ விகிதமும் நகர்ந்தது. சேர்பொருள் இல்லாத ஒப்பீட்டுக் கரைசலில் அதே 45 மைக்ரோலிட்டர் வெறும் டிஎம்எஃப் விடாவிட்டால், நீங்கள் அளப்பது படலத்தின் தடிமன் மாற்றத்தைத்தான். சேர்பொருள் தந்ததாக எழுதப்படும் சிறு முன்னேற்றங்களில் எத்தனை இப்படி வந்தவையோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

ஃபார்மேட் அயனி, அதாவது ஃபார்மிக் அமிலத்தின் எதிரயனி, அயோடைடு காலியிடத்தில் பொருந்தும் அளவுக்குச் சிறியது. 2021-இல் 2 மோல் சதவீதம் ஃபார்மமிடினியம் ஃபார்மேட் கலந்து 25.6 சதவீதம், சான்றளித்த மதிப்பு 25.2 சதவீதம், பெறப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த சேர்பொருள் இது, வேலை தெளிவாக இருப்பதால்: குறை எங்கே இருக்கிறதோ அதே வடிவில் ஓர் அடைப்பு.

யூரியா, தயோயூரியா, தயோசயனேட் மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம். மூன்றும் ஈயத்தைப் பற்றிப் படிக வளர்ச்சியை மெதுவாக்கும், மணிகள் பெரிதாகும். யூரியா 4 மோல் சதவீத அளவில் மணி எல்லைக்கு ஒதுங்கிக் குறைபாடுகளை மூடுகிறது. நம் கரைசலுக்கு அது 3.6 மில்லிகிராம். தயோயூரியாவின் சல்ஃபர் ஈயத்தை இறுகப் பிடிப்பதால் எளிதில் வெளியேறாது. போக வேண்டியது தங்கிவிடும் வகை அது. லெட் தயோசயனேட் பாதி போகும். தயோசயனேட் பகுதி ஆவியாகிவிட, அது கொண்டுவந்த ஈயம் லெட் அயோடைடாக எல்லைகளில் தங்கும். நுண்ணோக்கியில் மணிகள் மைக்ரோமீட்டர் கணக்கில் பெருத்திருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன், எல்லைகளில் வெள்ளையாகத் துருத்தி நிற்பது என்னவென்று பாருங்கள். மணி பெரிதாகியும் மின்னழுத்தம் ஏறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

மேற்பரப்பில் பூசுவது

கரைசலில் கலக்காமல், முடிந்த படலத்தின் மேல் பூசும் முறையும் இதோடு சேர்ந்ததே. ஃபெனெத்தில்அமோனியம் அயோடைடு 5 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்தால் 20 மில்லிமோலார். படலம் ஆறிய பிறகு, நிமிடத்துக்கு 5000 சுற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போதே நடுவில் விட வேண்டும். தேங்கவிட்டுப் பிறகு சுழற்றினால் ஆல்கஹால் கரிம அயனிகளைக் கரைத்து எடுத்துவிடும், மேற்பரப்பு மங்கும். ஆல்கஹாலில் ஈரம் இருக்கக் கூடாது, திறந்து பல நாள் ஆன புட்டி வேண்டாம்.

பூசிய பின் சூடாக்குவதா வேண்டாமா என்பதில் கவனம் தேவை. 2019-இல் 23.3 சதவீதச் சான்று பெற்ற செல்களில் அந்த உப்பு சூடாக்காமல் உப்பாகவே விடப்பட்டது. சூடாக்கினால் அது பெரோவ்ஸ்கைட்டோடு சேர்ந்து இருபரிமாண அடுக்காக மாறும், அந்த அடுக்கு மின்சுமையைக் குறுக்கே கடத்துவதில் மந்தம். சரி, சூடாக்காமலே விட்டுவிடலாமே என்றால், செல் வெயிலில் 85 டிகிரிக்குச் சூடேறும்போது அதே மாற்றம் தானாக நடக்கத் தொடங்கும். நாள்பட உழைக்க வேண்டிய செல்லுக்கு, அடுக்கை முன்கூட்டியே கட்டுப்பாட்டோடு உருவாக்கிவிடுவதே சரி என்பது என் கணிப்பு. 2022-இல் ஓலெய்ல்அமோனியம் அயோடைடு கொண்டு இருபரிமாண அடுக்கின் தடிமனைத் தேர்ந்து அமைத்த தலைகீழ்ச் செல்கள் (மின்சுமை கடத்தும் அடுக்குகளின் வரிசை மாறியவை), 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரத்துக்கு மேல் நின்றும் 95 சதவீதத்துக்கு மேல் திறனைக் காத்தன.

அயோடினையும் தகரத்தையும் அடக்குவது

மெத்தில்அமோனியம் அயோடைடு புட்டி வெள்ளையிலிருந்து மஞ்சள் பூத்தால் அயோடைடு அயோடினாகிவிட்டது என்று பொருள். ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தால் அயோடின் திரும்ப அயோடைடாகும். வணிகத்தில் கிடைப்பது நீர்க்கரைசல் என்பதால் கூடவே தண்ணீரும் வரும், கணக்கில் வையுங்கள். பழசான புட்டியைக் காப்பாற்ற இதைப் பயன்படுத்துவதைவிடப் புதிய புட்டி வாங்குவது மேல்.

செல் இயங்கும்போது உள்ளேயே உண்டாகும் அயோடினையும் உலோக ஈயத்தையும் சமாளிக்க வேறு உத்தி வேண்டும். இதற்கு 2019-இல் வந்த, யூரோப்பியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்தும் வழி அபாரமானது. யூரோப்பியம் அசிட்டைல்அசிட்டோனேட் 0.15 சதவீதம். மூன்று நேர்மின் யூரோப்பியம் உலோக ஈயத்தை மீண்டும் ஈய அயனியாக்கி, தான் இரண்டு நேர்மின்னாகும். இரண்டு நேர்மின் ஆனது அயோடினை அயோடைடாக்கி மறுபடி மூன்றுக்குத் திரும்பும். செலவாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தொடர் ஒளியில் 1500 மணி நேரம் கழித்து உச்சத் திறனில் 92 சதவீதமும், 85 டிகிரியில் அதே காலத்துக்கு 89 சதவீதமும் நின்றன. தங்கும் சேர்பொருள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதையே நான் எடுத்துக்காட்டுவேன்.

தகரம் கலந்த பெரோவ்ஸ்கைட்டில் ஒடுக்கி (ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் அல்லது திருப்பும் பொருள்) இல்லாமல் ஒன்றுமே நடக்காது. இரண்டு நேர்மின் தகரம் நான்காக மாறினால் படலத்தில் நேர்மின் துளைகள் பெருகி ஒளி எழுப்பிய மின்சுமை அதில் அழிந்துவிடும். தகர அயோடைடுக்கு 10 மோல் சதவீதம் தகர ஃபுளூரைடு வழக்கமான தொடக்கம். கூடுதலாக உலோகத் தகரத் தூளைக் கரைசலில் போட்டுக் கிளறி, நான்கு நேர்மின் தகரத்தை இரண்டாக்கிவிட்டு, தூளை வடிகட்டி எடுத்துவிடலாம். தகர ஃபுளூரைடு கூடினால் மேற்பரப்பில் தனியே பிரிந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொரு எச்சரிக்கை: டிஎம்எஸ்ஓ வெப்பத்தில் தகரத்தை ஆக்சிசனேற்றம் செய்யும். ஈயத்துக்கு நண்பன், தகரத்துக்கு அப்படியில்லை.

பக்கத்து அடுக்கின் சேர்பொருள்

பெரோவ்ஸ்கைட்டை எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் நேர்மின் துளைகளை வாங்கிச் செல்லும் துளைகடத்தி அடுக்கில் இருக்கும் சேர்பொருள் அதைக் கெடுத்துவிடலாம். துளைகடத்திப் பொருளான ஸ்பைரோ-ஓமெட்டாட் 72.3 மில்லிகிராம், குளோரோபென்சீன் ஒரு மில்லிலிட்டர், டெர்ட்-பியூட்டைல் பிரிடின் 28.8 மைக்ரோலிட்டர், அசிட்டோநைட்ரைலில் மில்லிலிட்டருக்கு 520 மில்லிகிராம் கரைத்த லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு 17.5 மைக்ரோலிட்டர். இந்தக் கலவை எல்லா ஆய்வகத்திலும் பழகிப்போனது. லித்தியம் உப்பு இல்லாமல் அந்த அடுக்கு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆனால் அதே உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், லித்தியம் அயனி மற்ற அடுக்குகளுக்கு நகரும். உப்பைக் கலந்துவைத்திருக்கும் பிரிடின் வெப்பத்தில் மெல்ல ஆவியாகும். ஆகவே 85 டிகிரிச் சோதனையில் செல் இறந்தால், பெரோவ்ஸ்கைட்டில் போட்ட சேர்பொருளைக் குறை சொல்வதற்கு முன் அதே படலத்தை வேறு துளைகடத்தியோடு சோதியுங்கள். ஆயுளை ஆராய்வதென்றால் தொடக்கத்திலேயே இந்தக் கலவையைத் தவிர்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

கரைசல் மேசையில்

வடிகட்டுவது சேர்பொருள் முழுதும் கரைந்த பிறகே. அரைகுறையாகக் கரைந்ததை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தினால் சேர்பொருள் வடிகட்டியிலேயே நின்றுவிடும். நீங்கள் 5 சதவீதம் என்று எழுதியது படலத்தில் 2 சதவீதமாக இருக்கும். வடிகட்டி பிடிஎஃப்இ ஆக இருக்க வேண்டும், பிவிடிஎஃப் சவ்வு டிஎம்எஃப்பில் கரையும்.

எதிர்க்கரைப்பான் (சுழலும்போது சொட்டும் ஈதர், குளோரோபென்சீன் போன்றது) விடும் நேரம் சேர்பொருளோடு மாறும். படிகமாவதை மெதுவாக்கும் எதைச் சேர்த்தாலும் சரியான தருணம் சில வினாடி தள்ளிப்போகும். ஒப்பீட்டுப் படலத்துக்குப் பொருந்திய நேரத்தையே இதற்கும் வைத்தால் சேர்பொருள் கெட்டது போலத் தெரியும். எனவே ஒவ்வொரு செறிவுக்கும் இரண்டு மூன்று நேரங்களைச் சோதிப்பது அவசியம். சுழலும் படலம் கலங்கி வெளுக்கிறது என்றால் தாமதம். தெளிவாக இருந்து ஹாட்பிளேட்டில் சில வினாடிகளில் சீராகக் கறுத்தால் சரி. மையத்திலிருந்து வளையங்கள் தெரிந்தால் சொட்டு நடுவில் விழவில்லை. நாள் முழுக்க வேலை செய்த குளோவ்பாக்ஸில் (வெளிக்காற்று புகாத கையுறைப் பெட்டியில்) மாலைப் படலங்கள் மட்டும் மங்கினால் உள்ளே கரைப்பான் ஆவி தேங்கியிருக்கிறது. சுத்திகரித்துவிட்டுத் தொடருங்கள், ஒப்பீட்டுப் படலங்களைக் காலையிலும் சேர்பொருள் படலங்களை மாலையிலும் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கையுறை பற்றி ஒரு சொல். மெல்லிய நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் விரைவில் ஊடுருவும். டிஎம்எஸ்ஓ தோல்வழியே புகும்போது தன்னில் கரைந்ததையும் உடன் கொண்டுபோகும், அதில் கரைந்திருப்பது ஈயம். சிந்தினால் உடனே கையுறையைக் கழற்றி மாற்ற வேண்டும், அதிகம் கையாள்வதென்றால் பியூட்டைல் ரப்பர் கையுறை.

நம்புவதற்கு முன்

ஒரே இருப்புக் கரைசலைப் பிரித்து, ஒன்றில் சேர்பொருளும் இன்னொன்றில் வெறும் கரைப்பானும் விட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 15 செல்லாவது செய்து, சிறந்த செல்லை விட்டுவிட்டு இடைநிலை மதிப்பைப் பாருங்கள். வளைவை இரு திசையிலும் எடுத்து, அதிகபட்சத் திறன் புள்ளியில் சில நிமிடம் நிறுத்தி நிலைத்த மதிப்பை எழுதுங்கள்.

மின்னழுத்தம் ஏறியிருந்தால் படலத்தின் ஒளிர்விலும் அது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முன்னேற்றம் வேறெங்கிருந்தோ வந்தது. மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிஆம்பியர் கூடியதாக வந்தால் மகிழ வேண்டாம். ஏற்கெனவே நன்றாக இருந்த படலத்தில் குறைபாட்டை மூடுவதால் அவ்வளவு கூடுவதற்கு இடமில்லை. 1.5 எலக்ட்ரான் வோல்ட் பட்டை இடைவெளியுள்ள பொருளுக்கு உச்ச வரம்பே சுமார் 29 மில்லிஆம்பியர்தான். ஒளித் தடுப்பு முகமூடியின் பரப்பு, விளக்கின் அளவீடு, தடிமன் இம்மூன்றையும் சரிபாருங்கள். குவாண்டம் திறன் வளைவை (எந்த அலைநீள ஒளி எவ்வளவு மின்சாரமாகிறது என்று காட்டுவது) தொகையிட்டு வரும் மின்னோட்டத்தோடும் ஒப்பிடுங்கள்.

ஆயுளுக்கு, 2020-இல் பல குழுக்கள் ஒப்புக்கொண்டு வெளியிட்ட ஐஎஸ்ஓஎஸ் நெறிமுறைகளின் பெயரைச் சொல்லியே முடிவுகளை எழுதுவது நல்லது. 'காற்றில் வைத்தோம், 1000 மணி நேரம் நின்றது' என்பது இருட்டிலா, வெளிச்சத்திலா, மின்சுற்று திறந்தா, மூடியா என்று தெரியாதவரை ஒன்றும் சொல்லாது. இருட்டில் அலமாரியில் வைப்பது மிக எளிய சோதனை. ஒளியும் 65 அல்லது 85 டிகிரி வெப்பமும் சேர்ந்து, அதிகபட்சத் திறன் புள்ளியில் இயக்கி வைப்பதுதான் அயனி நகர்வை வெளியே கொண்டுவரும்.

இதற்கும் மேல் ஒன்று, நேரம் இருப்பவர்களுக்கு: 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருட்டு என்ற சுழற்சி. இரவில் சில செல்கள் இழந்த திறனை மீட்டுக்கொள்ளும், சிலவற்றில் காலையில் விளக்குப் போட்டதும் திறன் முந்தைய மாலையைவிடக் கீழே இருந்து மெல்ல ஏறும். ஒவ்வொரு காலையும் முதல் பத்து நிமிட மதிப்புகளைத் தனி வரிசையில் குறித்துவையுங்கள். தொடர் ஒளிச் சோதனையில் ஒன்றுபோலவே தெரிந்த இரண்டு சேர்பொருள்கள் அந்த வரிசையில் பிரிந்து நிற்கக்கூடும்.